கொள்கையும் நடையும்: சந்தான ஆசிரியரும் மேனாட்டுத் தூய்மைநெறியாளரும்

ஒருவர் கைக்கொண்ட சமயக் கொள்கைக்கும் அவர் எழுதும் நடைக்கும் இயைபு உண்டோ என்பது நூலாராய்வாரிடை நெடுநாளாக நிகழும் வினா. கொள்கை தூயதாயின் நடையும் அணியொழிந்து தூயதாம் என்பர் ஒருசாரார். நடை என்பது புலவனுடைய இயற்கையும் பயிற்சியும் பற்றி அமைவதன்றிக் கொள்கை பற்றியது அன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டனுள் கொள்ளத்தக்கது யாது? வினா இலக்கியச் சுவையளவில் நிற்பதுபோலத் தோன்றினும், சைவ நன்மக்களுக்கு அது சாலப் பயனுடையதாம். என்னை? திருமுறைகள் நெஞ்சை உருக்குவன, சாத்திரங்களோ வறண்டன என்று கருதிச் சாத்திரத்தைக் கைவிடுவார் ஒருபாலும், கேட்போர்க்கு இனிதாக வேண்டுமென்று எடுத்த ஓர் உவமையினாலே சித்தாந்தத்தைப் பிறழ உணர்த்துவார் மற்றொருபாலுமாகப் பலர் உளராதலின் என்க.

கொள்கையே நடையை ஆக்கும் என்பார் தமக்குச் சான்றாக முதற்கண் எடுத்துக் காட்டுவது மேனாட்டுத் தூய்மைநெறியாளரை. பியூரிட்டானியர் என வழங்கும் இவர், இங்கிலாந்தின் திருச்சபை வழிபாட்டில் வேதத்தால் விதிக்கப்படாத சடங்கும் உடையும் உருவமும் களையப்படவேண்டும் என்று நின்றவர். அவருள் ஒரு கூட்டத்தார் 1620-ஆம் ஆண்டு கடல் கடந்து வட அமெரிக்காவிலே பிளிமத் என்னுமிடத்திற் குடியேறினர். 1630-இல் மிகப் பலர் மாசச்சூசெட்ஸ் கரையை அடைந்தனர். மனிதன் தன் முயற்சியால் வீடெய்துதல் இயலாது, இறைவன் தன் விருப்பால் தெரிந்துகொண்ட சிலரே உய்வர், அவர் யாவர் என்பது தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டது என்பன கால்வின் என்பார் வழி வந்த இவர்தம் கோட்பாடுகள். வழிபாட்டிலே ஓவியக் கண்ணாடியையும் இசைக்கருவியையும் விலக்கிய இவர், எழுத்திலும் அணியை விலக்கினார் என்று சொல்லப்படும்.

இக்கூற்றுக்கு அரண் செய்வன இல்லாமல் இல்லை. பிளிமத் குடியேற்றத்துக்குப் பல்லாண்டு தலைவராக இருந்த வில்லியம் பிராட்போர்டு 1630-இல் எழுதத் தொடங்கிய வரலாற்றின் முகப்பிலேயே, எளிய நடையில் உள்ளது உள்ளவாறு சொல்வதே தம் நோக்கம் என்று அறுதியிட்டுக் கூறினார். பசியாலும் நோயாலும் முதற் குளிர்காலத்தில் உடன்வந்தாருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டதனைச் சொல்லுமிடத்தும் அவர் குரல் உயர்வதில்லை. 1640-இல் மாசச்சூசெட்ஸைச் சார்ந்த கேம்பிரிட்ஜ் என்னும் ஊரில் அச்சான சங்கீத நூல், ஆங்கிலேயர் குடியேறிய வட அமெரிக்கப் பகுதியில் முதன்முதல் அச்சேறிய நூலாம். அதன் முன்னுரை, ஓசையின் இனிமையினும் மூலத்தோடு ஒத்த உண்மையே பெரிதென்று வெளிப்படையாகவே கூறுகின்றது. இவற்றை மட்டும் நோக்குவார், கடுமையான கொள்கை எளிய நடையைப் பிறப்பித்தது என்று முடிவு செய்தல் இயல்பே.

அற்றன்று, அக்கொள்கையையே ஐயமின்றிக் கைக்கொண்ட எட்வர்டு டெய்லர் என்பார் எழுதியன இம்முடிபைத் தகர்க்கும். வெஸ்ட்பீல்டு என்னும் எல்லைப்புற ஊரிலே போதகராகவும் மருத்துவராகவும் இருந்து 1729-இல் மறைந்த இவர், திருவிருந்து நடத்துவதற்கு முன் தம் உள்ளத்தைப் பதப்படுத்தற்பொருட்டு 1682 முதல் நாற்பதாண்டுக்கு மேலாகத் தியானப் பாடல்களைப் பாடிவந்தார். அப்பாடல்களிலே உவமை உருவகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும். தம்மை இராட்டினமாகவும் தறியாகவும் ஆக்கி, அருளாடையை நெய்தருளுமாறு இறைவனை வேண்டும் பாடல் ஒன்று பேர்பெற்றது. இவை அவர் காலத்து அச்சேறவில்லை. கையெழுத்துச் சுவடியாகவே கிடந்து 1937-இல்தான் உலகறிய வெளிப்பட்டன. அது காறும் தூய்மைநெறியாளர் அணியறியாதார் என்று எழுதிவந்த திறனாய்வாளர் தம் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்னும் அம்மையாரோ 1666-இல் தம் வீடு தீப்பற்றி எரிந்ததைப் பாடிய பாட்டில், உலகப் பொருளில் பற்று வைத்தல் தகாதென்னும் கொள்கை ஒருபுறமும், தாம் இருந்த இடம் படுத்த இடம் என்று சாம்பலை நோக்கி ஏங்கும் நெஞ்சம் மறுபுறமுமாக இரண்டையும் மறையாது வைத்தார். கொள்கை ஒன்று, நடை மூன்று. ஆதலின் கொள்கை தூயதாயின் நடை வறிதாம் என்பது போதராது.

இம்மேனாட்டார் செய்தி தமிழர்க்கு முற்றும் அயலானதன்று. இவர்தம் மரபில் வந்த அமெரிக்கச் சங்கத்தார் 1816-இல் யாழ்ப்பாணத்திலே தம் பணியைத் தொடங்கி, 1823-இல் வட்டுக்கோட்டையிற் கல்லூரி ஒன்று நிறுவினர். அக்கல்லூரித் தலைவராக இருந்த ஹொய்சிங்டன் என்பார் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அவை 1854-இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் வெளியீட்டில் வந்தன. அம்மொழிபெயர்ப்பிற் பிழைகள் பல உள எனினும், தூய்மைநெறியாளர் வழிவந்த ஒருவர் மெய்கண்டதேவர் திருவாக்கின்முன் அமர்ந்து சொற்சொல்லாகப் பொருள் தேடினார் என்பது நினைக்கத்தக்கது. அந்நாளைய யாழ்ப்பாணத்திலேயே ஆறுமுக நாவலர் (1822 – 1879), வெசுலியன் சங்கத்துப் பேர்சிவல் என்பார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய பின், தெளிந்த தமிழ் வசனநடையைச் சைவத்துக்கு ஆக்கித் தந்தார். நாவலர் நடை எளிதாயினமைக்குக் காரணம் சைவக் கொள்கை எளிதென்பது அன்று. பாலரும் பாமரரும் தம் சமயம் இன்னதென்று அறியவேண்டிய இடுக்கண் வந்துற்றது என்பதே. இக்குறிப்பைக் கைக்கொண்டு நம் சந்தான ஆசிரியர் நூல்களைக் காண்போம்.

மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் காலத்தால் முற்பட்ட திருவுந்தியார், சிறுமியர் உந்திபறந்தாடும் விளையாட்டுப் பாட்டின் வடிவிலே அமைந்தது. சிவஞானத்தின் முடிந்த நிலையை உணர்த்தப் புகுந்த ஆசிரியர், பண்டிதர் விரும்பும் யாப்பை நாடாமல் முற்றத்தில் ஆடுவார் நாவிற் பயின்ற பாட்டை எடுத்துக்கொண்டார். அதன்பின் வந்த மெய்கண்டதேவரோ பன்னிரண்டு சூத்திரங்களில், நாற்பது அடிகளில், முப்பொருள் உண்மையும் இலக்கணமும் சாதனமும் பயனும் அடங்கச் செய்தார். ஒரு சொல்லைக் களைந்தால் ஒரு கோட்பாடு வீழும். ஒரு சொல்லைக் கூட்ட இடமில்லை. அணி என்று சொல்லத்தக்கது சூத்திரங்களில் அரிது. உவமைகள் உதாரண வெண்பாக்களில் வருவன. அவையும் அழகின்பொருட்டு வருவன அல்ல, ஏதுவால் நிறுவிய பொருளைக் கண்ணாற் காட்டுதற்கு வருவன.

அவர்தம் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் நடை இதற்கு முற்றும் மறுதலை. சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற அவர், இளையராகிய மெய்கண்டாரிடம் சென்று ஆணவமலத்தின் இயல்பு யாதென வினவ, ஆசிரியர் ஒன்றும் பேசாது அவரையே நோக்கியிருந்தனர் என்றும், அப்பார்வையில் விடையுணர்ந்த பண்டிதர் அடிவீழ்ந்தனர் என்றும் வரலாறு கூறும். மௌனத்தால் ஆட்கொள்ளப்பட்ட அவரே, சிவஞான சித்தியாரில் பரபக்கத்தே பதினான்கு மதங்களை எடுத்து மறுத்து, சுபக்கத்தே முந்நூற்றிருபத்தெட்டுச் செய்யுட்களில் சூத்திரங்களை வெள்ளமென விரித்தார். இன்னும் நோக்கின், அவரே இருபா இருபது என்னும் சிறுநூலில் வேறொரு குரலிற் பேசுகின்றார். வெண்பாவும் ஆசிரியமும் மாறி மாறி அந்தாதித்து வர, தம் ஆசிரியரை முன்னிலைப்படுத்தி, நீ என்னுள் நின்றாயாயின் என் அறியாமை நின்றவாறு எங்ஙனம் என்பது போன்ற வினாக்களைத் தொடுத்து நிற்கின்றார். சித்தியாரில் வாதியர் அனைவரையும் வென்ற நா, ஈண்டு விடை வேண்டிக் கைகூப்பி நிற்கின்றது. எழுதினார் ஒருவர், கொள்கை ஒன்று, நடை இரண்டு.

உமாபதி சிவாசாரியாரைப் பற்றியும் இவ்வாறே கூறுதல் அமையும். சகம் 1235 எனத் தம் காலத்தைச் சங்கற்ப நிராகரணத்திற் குறித்த அவர், அதாவது 1313-ஆம் ஆண்டில் வாழ்ந்தவர், அந்நூலில் ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுக்கத் தருக்கக் களம் அமைத்தார்; திருவருட்பயனில் நூறு குறள் வெண்பாக்களிற் சித்தாந்தத்தைச் சுருக்கினார்; நெஞ்சுவிடு தூதில் அகப்பொருள் மரபைத் தழுவி நெஞ்சைத் தூதனுப்பினார்; கொடிக்கவியிற் சில பாட்டளவில் நின்றார். தூய கொள்கைக்கு ஒரே நடைதான் உரியதென்பது உண்மையாயின், இவருட் சித்தாந்தி யார்?

ஆகவே நடையைத் தீர்மானிப்பது கொள்கையன்று, கேட்பானுடைய பக்குவமும் சொல்லவேண்டிய இடமுமே என்பது பெறப்பட்டது. முற்றத்தில் ஆடுவார்க்கு உந்தி, நுண்ணறிவினார்க்குச் சூத்திரம், ஐயமுற்றார்க்கு விரிவு, வாதியார்க்குத் தருக்கம், தனித்திருந்து உருகுவார்க்குத் தூது. தாய் குழவிக்கு ஒருவாறும் வளர்ந்த மகனுக்கு ஒருவாறும் உணவு ஊட்டுதல்போல்வது இது. சாத்திரம் வறண்டது என்பாரும் தமக்குரிய நூலை எடாது பிறர்க்குரிய நூலை எடுத்தமையால் அவ்வாறு கூறினர் என்க.

அங்ஙனமாயின் கொள்கை நடையிற் புகுவதே இல்லையோ எனின், புகும். புகும் வாயில் உவமை. பா, சொல், விரிவு, சுருக்கம் என்பன கேட்பானை நோக்கி அமைவன. உவமையோ பொருளையே தன்னகத்துக் கொண்டு வருவதாகலின், அதனுள் எது எதற்கு நேராக வைக்கப்பட்டது என்பதில் கொள்கை முழுதும் அடங்கிக் கிடக்கும். இதனைத் தெளிதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதின்று. மரக்காணத்து உப்பளக் கரையிலுள்ள அனுமந்தை அளவிற் செல்லுதல் அமையும்.

புதுச்சேரிக்கு வடக்கே கடலும் கழுவெளியும் அணுகிக் கிடக்கும் அக்கரை, பழைய ஓய்மானாட்டைச் சார்ந்தது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே எனக் கொள்வார் பலர். ஞானசம்பந்தப் பெருமான் பாடிய அரசிலியும் இரும்பை மாகாளமும் அதற்கு அணிமையில் உள்ளன. மெய்கண்டார் அருளிருந்த திருவெண்ணெய்நல்லூரும் இம்மரக்காணமும் முன்னாளில் தென்னார்க்காட்டின் பகுதியாயிருந்து, 1993-க்குப்பின் விழுப்புரம் மாவட்டத்தின்கண் அமைந்தன. கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து பங்கு உப்புண்டு. அளத்திலே உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி பாய்ச்சி வெயிலில் வைப்பர். ஞாயிற்றின் வெம்மையால் நீர் ஆவியாய் மேலெழ, கலந்து மறைந்திருந்த உப்புப் பூத்து வெண்மணலெனப் படியும். அதனை மரப்பலகையால் வாரி வரப்பிற் குவிப்பர். அளத்தில் நாள்தோறும் நிகழும் இத்தொழிலே உவமையாராய்ச்சிக்கு உரைகல்லாக உள்ளது.

நீரிற் கரைந்த உப்பு என்பது மிகப் பழைய உவமை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகனாகிய சுவேதகேதுவை நீரில் உப்பிட்டு வைக்கச் செய்து, மறுநாள் அதனைக் காணமாட்டாமையையும், எப்பக்கம் சுவைப்பினும் உவர்த்தலையும் காட்டி, காணப்படாத உள்பொருள் எங்கும் நிறைந்திருத்தலை உணர்த்தினார். ஏகான்மவாதியர் இதனைக் கைக்கொண்டு, உப்புக் கரைந்து நீரேயானாற்போல உயிரும் கரைந்து பிரமமேயாம் என விரிப்பர். கேட்டற்கு இனிதாகிய இவ்விரிவு, சைவ மேடைகளிலும் முத்திநிலைக்கு உவமையாக எடுத்தாளப்படுதலைக் கேட்கின்றோம்.

மெய்கண்டார் சிவஞானபோதம் ஏழாஞ் சூத்திரத்து வெண்பா ஒன்றில் உப்பை எடுத்தாண்டவாற்றை நோக்குக. ஆண்டு அவர் கூறும் பொருள்கள் இரண்டல்ல, மூன்று: கடல், கடலிலுள்ள நீர், நீரிலுள்ள உப்பு. நீரைத் தன்னகத்து அடக்கி விரிந்த கடல்வெளியைச் சிவத்துக்கும், அதனுள் அடங்கிய நீரை உயிருக்கும், நீரைப் பற்றிய உவர்ப்பை அறியாமைக்கும் நேராக வைப்பர் உரைகாரர். உப்பு நீரைப் பற்றுமேயன்றி, நீருக்கு இடங்கொடுத்த வெளியைப் பற்றாது. அதுபோல அறியாமை உயிரைப் பற்றுமேயன்றி, உயிருக்கு நிலைக்களமாகிய மெய்ஞ்ஞானத்தைப் பற்றாது. இரண்டு பொருள் கொண்ட உவமையை மூன்று பொருள் கொண்டதாக்கினமையால், ஒருமை கூறிய உவமையே முப்பொருள் உண்மைக்குச் சான்றாயிற்று. மிகையாக ஒரு சொல்லேனும் இல்லை. வாதமாக ஒரு வரியும் இல்லை. உவமையின் உறுப்பை எண்ணிய மாத்திரத்தே கொள்கை நிலைபெற்றது.

இனி, அருணந்தி சிவாசாரியார் சித்தியார் சுபக்கத்துப் பதினோராஞ் சூத்திரத்திலே உயிர் இறைவனோடு கூடும் கூட்டத்துக்கு நீரும் உப்பும் அணைதலை உவமை கூறினாரன்றோ, அது ஏகான்மவாதத்தோடு ஒவ்வாதோ என்னும் தடை ஈண்டு எழும். இத்தடை தக்கதே. ஆயினும் அவ்வுவமை அங்குத் தனித்து வரவில்லை. காந்தம் இரும்பை இழுத்தல், தீ விறகை எரித்தல், நீரும் உப்பும் அணைதல் எனப் பல உவமைகளை ஒரே செய்யுளில் அவர் அடுக்குகின்றார். இழுக்கப்பட்ட இரும்பு காந்தமாகாது. அது கூட்டத்தின் தொடக்கத்தைக் காட்டும். எரிந்தது விறகு, அது மலநீக்கத்தைக் காட்டும். நீரும் உப்பும் அணைந்தமை பிரிவின்மையைக் காட்டும். ஓருவமை சொல்லாது விட்டதனை அடுத்தது சொல்லும். ஓருவமை மிகையாக உணர்த்தக் கூடியதனை அடுத்தது தடுக்கும். அன்றியும், குளிகையாற் களிம்பற்ற செம்பு பொன்னேயாம் என்னும் உவமையை அச்சூத்திரத்திலேயே எடுத்து, உயிர் அங்ஙனம் சிவமேயாதல் இல்லையென்று அவரே மறுத்தனர். எனவே சித்தியாரின் விரிவு, சொற்பெருக்கில் வைத்த வேட்கையன்று. உவமையாற் பிழைபடாதிருத்தற்கு உவமையையே வேலியாக வைத்த காவல் எனக் கொள்க. மெய்கண்டார் ஓருவமையின் உறுப்பைக் கூட்டிக் காத்ததனை, அருணந்தியார் உவமைகளின் தொகையைக் கூட்டிக் காத்தார். நடை வேறு, காவல் ஒன்று.

நீரும் உப்பும் அணைந்தன என்பதிற் கரைதல் அழிதலோ என்பதற்கு அனுமந்தைக் கரையே விடை. குடத்து நீரின்முன் நிற்பான் உப்பைக் காணாது, அது நீரேயாயிற்று என்பான். அளத்துப் பாத்தியின்முன் நிற்பான் அதே உப்பு வெண்மையாய்ப் பூத்ததைக் கண்டு, அது என்றும் அழிந்ததில்லை என்பான். கண்ணுக்குப் புலனாகாமை இன்மையன்று, பிரியாமை ஒன்றாதலன்று. இவ்வுண்மையை உப்புத் தொழிலாளர் நூலால் அன்றித் தொழிலால் அறிவர்.

மெய்கண்டார் உவமையை அளம் வரையில் நீட்டிக் காணின் வேறொரு நயமும் தோன்றும். உவர்ப்பொடு கிடந்த நீர் ஞாயிற்றின் வெம்மையாலன்றித் தன் முயற்சியால் மேலெழமாட்டாது. எழுந்தபோது உவர்ப்பின்றித் தூயதாய் எழும். உயிரும் திருவருளாலன்றி மலத்தினின்று நீங்கமாட்டாது. ஆயினும் இந்நீட்சிக்கு ஓரெல்லை உண்டு. அளத்தில் உப்பு நீரைவிட்டு வேறிடத்தே கிடக்கின்றது. ஆணவமோ முத்தியிலும் அழிவதன்று, தன் சத்தி அடங்கி நிற்பதாம். ஒளி வந்தவிடத்தே இருள் அடங்கும், ஒளியும் இருளும் ஓரிடத்தன என்று கொடிக்கவி உணர்த்துவதே அந்நிலைக்கு ஏற்ற உவமை. உவமை ஒருபுடை ஒப்புமையே என்பது இதனால் அறிக. எந்த உவமையையும் எதுகாறும் செலுத்தலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதனைச் சொல்லுவது அழகுணர்ச்சியன்று, கொள்கையே.

இதனை ஓர் இலக்கணமாகவே வகுத்தவர் உமாபதி சிவாசாரியார். சிவப்பிரகாசத்தில் அத்துவித உறவை விளக்கப் புகுந்த அவர், பொன்னும் அணிகலமும் போல ஒன்றென்றலை ஒருபுறமும், இருளும் ஒளியும் போல வேறென்றலை மறுபுறமும், சொல்லும் பொருளும் போல ஒன்றும் வேறும் என்றலைப் பிறிதொரு புறமும் விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும் முதலிய உவமைகளே ஏற்பன என நிறுத்தினார். உவமைகளைக் கொள்கை பற்றி வகைப்படுத்திய திறனாய்வு இதுவன்றோ? திருவருட்பயனில் முத்தியைக் கூறுமிடத்தோ தமிழின் புணர்ச்சியையே உவமையாக்கினார். தாள் என்பதும் தலை என்பதும் கூடித் தாடலை என ஒருசொல் நீர்மைத்தாய் நிற்கும். ஆயினும் தாள் தலையாயிற்றில்லை, தலை தாளாயிற்றில்லை. இறைவன் திருவடியும் உயிரின் முடியும் கூடுங் கூட்டத்துக்கு அச்சொற்களையே எடுத்தமை, கொள்கையும் நடையும் ஓரிடத்தே சந்தித்த இடமாம்.

இவ்வளவைக்கோலை மேனாட்டார்மேல் வைப்பினும் பொருந்தும். தூய்மைநெறியின் பிற்காலத்தில் வந்த ஜானதன் எட்வர்ட்ஸ் என்பார் 1741-இல் என்பீல்டு என்னுமிடத்தே நிகழ்த்திய பிரசங்கத்தில், தீயின்மேல் ஒருவன் கையிலே பிடித்த சிலந்திபோலப் பாவி இறைவன் கையில் தொங்குகின்றான் என்றார், கேட்டவர் கதறினர். அவ்வுவமையில் கை உண்டு, தீ உண்டு, சிலந்தி உண்டு. சிலந்தி தீயில் வீழ்வதனால் அதற்கு வரும் நன்மை ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளப்படாதார்க்கு உய்வில்லை என்னும் கொள்கை அவ்வுவமையின் உறுப்பிலேயே உளது. அருணந்தி சிவாசாரியாரும் இறைவன் ஒறுத்தலைக் கூறுகின்றார். நரக துன்பத்தை மறைக்கின்றாரல்லர். ஆனால் அவர் எடுத்த உவமை மருத்துவன். சில நோயை அறுத்தும் கீறியும் தீர்ப்பான், சில நோயை இனிய மருந்து கொடுத்துத் தீர்ப்பான். இருவழியும் நோக்கம் நோய் நீங்குதலே. ஈண்டுக் கத்தியும் உண்டு, வலியும் உண்டு, ஆயினும் நோயாளன் பிழைக்கின்றான். எவ்வுயிரும் மலம் பரிபாகமுற்றபோது உய்தல் ஒருதலை என்னும் சைவக்கொள்கை, அவ்வுவமையின் முடிவிலேயே உளது. எட்வர்ட்ஸ் நடை வலிது, அருணந்தியார் நடையும் வலிது. வலிமையில் ஒத்த இருவரும் வேறுபடுமிடம், சிலந்திக்கு என் ஆகும், நோயாளனுக்கு என் ஆகும் என்னும் ஒன்றேயாம். ஆண்டுத்தான் கொள்கை வெளிப்படுகின்றது.

மேற்கூறியவாற்றால் முடிந்தன இவை. நடையின் எளிமையும் அணியும் கொள்கையின் தூய்மைக்கு அளவுகோல் ஆகா. பிராட்போர்டும் டெய்லரும், மெய்கண்டாரும் அருணந்தியாரும் இதற்குச் சான்று. உவமையே கொள்கைக்கு அளவுகோல். அதனுள்ளும் உவமைப் பொருளின் பெயரன்று, உறுப்புகளின் நேர்மையும் அவற்றின் எல்லையுமே நோக்கத்தக்கன. உப்பு என்னும் ஒரு பொருளே ஓரிடத்து அறியாமைக்கும், ஓரிடத்துக் கூட்டத்துக்கும், பிறர் கையில் ஒருமைக்கும் உவமையாயினமை காண்க.

ஆதலின் சைவ மேடையிற் பேசுவாரும் சைவ ஏட்டில் எழுதுவாரும், தமக்கியைந்த நடையை எடுத்துக்கொள்வதிற் குற்றமில்லை. எளிதாகவும் பேசலாம், அணிபெறவும் பேசலாம். உவமை எடுக்குமிடத்து மட்டும் ஒருகணம் நின்று, இதனுள் இறைவன் யாது, உயிர் யாது, மலம் யாது, முடிவில் உயிர் உளதோ என்று தம்மையே வினவிக்கொள்ளுதல் வேண்டும். நீரில் உப்புக் கரைந்தாற்போல் உயிர் சிவத்திற் கரையும் என்று சொல்லி அவையை மகிழ்விப்பார், தம்மை அறியாமலே கேட்பார் நெஞ்சில் வேறொரு மதத்தை நாட்டிச் செல்கின்றார். அவர் நாவில் சிவநாமம் ஒலிப்பினும், உவமையுள் இருந்து பேசுவது மாயாவாதமே. பிழைபட்ட தருக்கத்தை எதிர்வாதி மறுப்பான். பிழைபட்ட உவமையை மறுப்பார் இலர், அது இனிதாதலின். முதியோர் வாயிற் கேட்ட உவமையே மகாரிடத்துக் கொள்கையாய் வேரூன்றும்.

சந்தான ஆசிரியர் தத்தம் நடையாற் காத்து நமக்குத் தந்தது இவ்வெச்சரிக்கையே. அனுமந்தைக் கரையில் இன்றும் வெயில் நீரை எடுக்க, உப்பு எஞ்சுகின்றது. அதனை வாரிக் குவிப்பார் கண்ட அவ்வளவு உண்மையையேனும் சைவம் பேசுவார் தம் உவமைகளிற் காணுதல் கடன்.